வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சியா? மொட்டை மாடியில் பார்த்துப் பிரிக்கும் முறை

போன மாசியில் நான் தேய்த்துக் கொன்ற நல்ல பூச்சிகளுக்குக் கணக்கே இல்லை. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில், நீல டிரம்மில் ஒரு பப்பாளி நிற்கிறது. அதன் இலைக்கு அடியில், செடிச்சாறு குடிக்கிற மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. நடுவில் சில மட்டும் மற்றவற்றைவிட நாலு மடங்கு நீளம். சடைசடையாக வெள்ளை நூல் தொங்க ஊர்ந்துகொண்டிருந்தன. இதுதான் தாய்ப்பூச்சி, இதை ஒழித்தால் குடும்பமே ஒழியும் என்று நானே முடிவுகட்டி, பழைய டூத்பிரஷால் தள்ளிவிட்டுச் செருப்பால் மிதித்தேன். பதினைந்து நாளில் காய், காம்பு, குருத்து எல்லாம் வெள்ளை பூத்துவிட்டது.

சித்திரையில் அண்ணன் மகள் வந்தாள். கோயம்புத்தூரில் விவசாயம் படிக்கிறவள். தப்பிப் பிழைத்திருந்த ஒரு சடையனைப் பார்த்துவிட்டு, "அத்தை, இது கிரிப்டோ" என்றாள். டிவியில் சொல்கிற காசு சமாச்சாரம் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். கிரிப்டோலீமஸ் என்கிற பொறிவண்டின் குஞ்சாம் அது. மாவுப்பூச்சியையும் அதன் முட்டையையும் தின்றே வளர்வது. காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதில்பூச்சியைத் தின்னட்டும் என்று 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்களாம். அது வந்த வேலையைவிட மாவுப்பூச்சியிடம்தான் நன்றாகச் சாப்பிட்டது. நான் மிதித்தது அந்தச் சந்ததியை.

அதற்கப்புறம் எந்த வெள்ளையையும் பார்க்காமல் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பார்ப்பது எனக்குப் புதுசும் இல்லை. 26 வருஷம் பீண்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் துணி செக்கிங்கில் நின்றவள் நான். ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற பிக் கிளாஸ் இன்றும் என் பையில் இருக்கிறது. (கம்பெனிச் சாமான் இல்லை. சிக்பேட்டையில் காசு கொடுத்து வாங்கியது.) அதன் அடியில் ஓர் அங்குலச் சதுர ஜன்னல், ஓரத்தில் அளவுக்கோடு. இலையைத் திருப்பி மேஜையில் வைத்து இதைக் கவிழ்த்தால் பூச்சியின் நீளமும் தெரிந்துவிடும். உங்களிடம் இது இல்லாவிட்டால் நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். செல்போன் கேமராவை வெறுமனே ஜூம் பண்ணினால் வெறும் பஞ்சுதான் தெரியும். லென்ஸை கேமராமேல் ஒட்டிப் பிடித்து எடுத்தால் கால் வரைக்கும் விழும்.

வேறு என்ன வேண்டும்? பல்குச்சி நாலைந்து, ஒரு வெள்ளைத்தாள், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற ஸ்பிரிட், மூடியுள்ள குட்டி பாட்டில் சில. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமான சானிடைசர் ஜெல்லை எடுக்காதீர்கள். பூச்சி ஜவ்வரிசிக் கஞ்சியில் விழுந்த மாதிரி நிற்கும், ஒன்றும் தெரியாது.

முதலில் தட்டுங்கள்

இலையை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

குபீரென்று வெள்ளையாகப் பறந்து, திரும்ப அதே இலைக்கே வந்து உட்கார்ந்தால் அது வெள்ளை ஈ. கொய்யாவிலும் தென்னையிலும் வருவது பெரும்பாலும் சுருள் வெள்ளை ஈக்கள். இலையின் அடியில் முட்டையை வட்டம் வட்டமாக, கோலம் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டது போல மெழுகுக் கோட்டோடு வைத்திருக்கும். வெள்ளைத் துகளும் நூலும் நிறைய இருப்பதால் மாவுப்பூச்சி என்றே பல பேர் சொல்கிறார்கள். இந்த ஈக்களில் ஒரு வகை 1993இல் கேரளாவில் தெரிந்தது. தென்னையைப் பாடாய்ப் படுத்துகிற இன்னொன்று 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்தது.

தட்டினதும் துள்ளிக் குதித்தால் தத்துப்பூச்சிக் குஞ்சு. வால்பக்கம் பஞ்சுக் குஞ்சம் வைத்திருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

நகர்ந்து நடந்தால், அதுவும் நிற்காமல் நடந்தால், கையை எடுங்கள். நான் செய்த தப்பு இங்கேதான். பொறிவண்டுக் குஞ்சு ஓர் அங்குலத்தில் பாதி வரை வளரும், மாவுப்பூச்சி அவ்வளவு வளராது. ஆனால் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள். பொறிவண்டுக் குஞ்சும் பிறக்கும்போது சின்னதுதான். தவிர, கிரிப்டோவின் சொந்தக்காரர்களில் பொடி வகைகள் உண்டு, அவற்றின் குஞ்சு மாவுப்பூச்சி அளவே இருக்கும். நடைதான் சாட்சி. மாவுப்பூச்சியும் நடக்கும், ஆனால் ரேஷன் கடை வரிசை போல. பொறிவண்டுக் குஞ்சு கண்ணெதிரே இலையைக் கடந்துவிடும். புரட்டிப் போட்டால் ஆறு காலும் பக்கவாட்டில் நன்றாக நீட்டித் தெரியும். மாவுப்பூச்சியின் கால் வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: மாவுப்பூச்சி இலைக்குள் வாயூசியைக் குத்தி வைத்திருக்கும், தள்ளினால் சட்டென்று வராது. பொறிவண்டுக் குஞ்சுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. வளர்ந்த வண்டைத் தெரிந்துகொள்வது சுலபம். ஒரு மிளகளவு, கறுத்த முதுகு, தலையும் பின்முனையும் மட்டும் ஆரஞ்சு.

இன்னொரு வேஷக்காரனும் உண்டு. மாவுப்பூச்சி அடைக்குள்ளேயே தட்டையாக, நத்தை போல வழுக்கி நகர்கிற புழு. மேலே மாவுப்பூச்சியின் மாவையே பூசிக்கொண்டிருக்கும். ஸ்பால்கிஸ் எபியஸ் என்கிற சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வண்ணத்துப்பூச்சிப் புழுவெல்லாம் இலைதான் தின்னும் என்று நினைத்திருந்தேன். இது கறி தின்கிற புழு. இதன் கூட்டுப்புழுவைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்: இரண்டு கண், மூக்கு, உதடு என்று அசல் குரங்கு முகம், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. காம்பில் ஒட்டியிருக்கும். ஓனரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆஞ்சநேயா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தட்டியும் நகராமல் கிடப்பவை

இப்போது மிச்சமிருப்பது நிஜமான மாவுப்பூச்சி. அதிலும் எது என்று பிரிக்க வேண்டும். எல்லாமே செடிச்சாறு குடிப்பதுதானே, எதுவாயிருந்தால் என்ன என்று ஓனரம்மா கேட்டார். கன்னடத்தில் இதற்கு ஹிட்டு திகணெ என்று பெயர், மாவு மூட்டைப்பூச்சி என்று அர்த்தம். நம்மூரில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று சொல்வோமே, ஆள் யாரென்று பார்க்காமல் மருந்தடிப்பது அந்த மாதிரிதான். பப்பாளி மாவுப்பூச்சியைக் கொல்ல ஒரு குளவி இருக்கிறது, பருத்தி மாவுப்பூச்சிக்கு வேறு குளவி. ஒன்றின் குளவி இன்னொன்றுக்கு உதவாது. எது வந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எதற்காகக் காத்திருக்கலாம் என்று தெரியும்.

கலைக்காமல் முதுகைப் பாருங்கள். பிரஷ் பட்டால் மாவு கலைந்து அடையாளம் போய்விடும். துணியில் கறையை முதலில் பார்ப்பது, அப்புறம்தான் தேய்ப்பது. அதே ஒழுங்குதான்.

முதுகில் நீளவாக்கில் இரண்டு கறுப்புக் கோடு, பின்னால் உடம்பில் பாதி நீளத்துக்கு இரண்டு வெள்ளை வால், உடம்பு முழுக்கக் கண்ணாடி நூல் போல மினுக்கும் முடி இருந்தால் அது வால் மாவுப்பூச்சி, ஃபெரிசியா விர்கேட்டா. கொய்யா, சீத்தா, குரோட்டன்ஸில் நிறையப் பார்க்கலாம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

கோடு இல்லாமல் புள்ளியாக, தோள்பக்கம் ஒரு ஜோடி, அதற்குக் கீழே முதுகில் கொஞ்சம் நீண்டு ஒரு ஜோடி கறுப்பாகத் தெரிந்தால் பருத்தி மாவுப்பூச்சி, ஃபீனகாக்கஸ் சொலினாப்ஸிஸ். அந்தப் புள்ளி வண்ணமில்லை, அங்கே மாவு பூசாமல் விட்ட இடம். செம்பருத்தி, தக்காளி, வெண்டை எல்லாவற்றிலும் வரும். ரோட்டோரப் பார்த்தீனியத்தைத் திருப்பிப் பாருங்கள், எங்கள் ஏரியாவில் அதுதான் இதற்குத் தாய்வீடு.

கோடுமில்லை, புள்ளியுமில்லை, முதுகு வெறும் மாவு. இங்கேதான் பப்பாளி மாவுப்பூச்சியும் செம்பருத்தி மாவுப்பூச்சியும் மாட்டிக்கொள்கின்றன.

பப்பாளிக்காரி, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், அளவில் சின்னவள். முழுசாக வளர்ந்த பெண்ணே இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். பிக் கிளாஸில் அங்குலத்தின் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். மாவு மெலிசு, அதற்குள்ளே மஞ்சள் தெரியும். உடம்பைச் சுற்றி ஓரத்தில் ஜரிகை கட்டினது போல 15 முதல் 17 ஜோடி குட்டை இழைகள். எந்த இழையும் உடம்பு நீளத்தில் கால்வாசியைத் தாண்டாது, வால்பக்கம்கூட. செம்பருத்திக்காரிக்கு, மாகனெல்லிகாக்கஸ் ஹிர்சூட்டஸ், இந்த ஜரிகை கிடையாது. ஓரம் மொட்டை, மாவுக்குள் இளஞ்சிவப்பு. செடி நிற்கிற நிற்பிலும் வித்தியாசம் தெரியும். செம்பருத்திக்காரி வந்தால் நுனி வளராமல் முட்டைக்கோஸ் போலக் கொத்தாகச் சுருண்டுவிடும். ஆனால் செடியை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெயரில் பப்பாளி இருந்தாலும் அவள் செம்பருத்தி, மல்பெரி, கத்தரி, மரவள்ளி எல்லாவற்றிலும் உட்காருவாள். என் மாடியில் பப்பாளியிலிருந்து இறங்கி முதலில் போனதே செம்பருத்திக்குத்தான்.

பல்குச்சியும் ஸ்பிரிட்டும்

ஜரிகை தெரியாத அளவு கண் மங்கலா, அல்லது பூச்சி கலைந்துவிட்டதா? வளர்ந்த பெண் ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்துப் பல்குச்சி முனையால் அழுத்துங்கள். மஞ்சள் கறை விழுந்தால் பப்பாளிக்காரி. செம்பருத்திக்காரி குங்குமம் கரைத்த தண்ணீர் போல விடுவாள். முட்டையும் அப்படியே: ஒன்றினது பச்சை கலந்த மஞ்சள், மற்றது ஆரஞ்சும் சிவப்புமாக. பப்பாளிக்காரியின் முட்டைப்பை வயிற்றுக்கடியிலிருந்து பின்னால் நீண்டு, அவளைவிட மூன்று நாலு மடங்கு நீளமாகவே வளரும். தூரத்திலிருந்து நமக்குத் தெரிகிற பஞ்சு பெரும்பாலும் அந்தப் பைதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்த பொறி. பப்பாளி மாவுப்பூச்சியின் ஆண் இளஞ்சிவப்பு. கூட்டுப்புழுப் பருவத்தில் ஒரு சின்னப் பஞ்சுக்கூட்டுக்குள் கிடக்கும். அதைக் குத்திவிட்டு "சிவப்பு, அப்போ செம்பருத்திதான்" என்று நோட்டில் எழுதிவிட்டேன். கூட்டுக்குள் இருப்பதை எடுக்காதீர்கள். முட்டைப்பையோடு இருக்கிறவளைத் தேர்ந்தெடுங்கள், அவள் கட்டாயம் பெண். ஆண் வளர்ந்தால் சிறகு முளைத்து ஒரு மில்லிமீட்டர் கொசுவைப் போல இருப்பான், அவனை வைத்து நம்மால் ஒன்றும் பிரிக்க முடியாது.

எனக்குப் பிடித்த சோதனை ஸ்பிரிட்தான். அண்ணன் மகள் சொல்லித்தந்தது. குட்டி பாட்டிலில் விரற்கடை அளவு ஸ்பிரிட், அதில் நாலைந்து பூச்சி. மூடி, பக்கத்தில் தேதியும் செடிப் பெயரும் எழுதிய துண்டுச்சீட்டு. அடுப்புப் பக்கம் வைக்கக்கூடாது, தீப்பிடிக்கிற சாமான். முதல்தடவை மூன்று பாட்டில் வைத்தேன்: பப்பாளியில் எடுத்தது, செம்பருத்தி நுனியில் எடுத்தது, வாசல் பார்த்தீனியத்தில் எடுத்தது. ராத்திரி படுக்கும்போது மூன்றும் ஒரே மாதிரி, மாவு கரைந்து நிர்வாணமாகக் கிடந்தன. காலையில் பால் வாங்கி வந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பப்பாளி பாட்டிலில் இருந்தவை மட்டும் இங்க் பேனா ஒழுகினது போல, நீலம் கலந்த கறுப்பு. மற்ற இரண்டும் கறுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு டிகாக்‌ஷன் இறங்கியது நினைவில்லை, காப்பி ஆறிப்போயிற்று.

பாராகாக்கஸ் வகையில் மற்ற பங்காளிகளும் ஸ்பிரிட்டில் இப்படிக் கறுக்கும். ஆகவே கறுப்பு ஒன்றை மட்டும் வைத்துப் பெயர் எழுதாதீர்கள். மஞ்சள் உடம்பு, ஓர ஜரிகை, பச்சை மஞ்சள் முட்டை, ஸ்பிரிட்டில் கறுப்பு, நாலும் சேர்ந்தால் நான் எழுதுகிறேன். அடித்துச் சொல்ல வேண்டும் என்றால் ஸ்லைடு போட்டுத்தான் ஆக வேண்டும். பெண்பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து உள்சதையைக் கரைத்து, தோலை மட்டும் சாயமேற்றி, கனடா பால்சம் என்கிற பிசினில் பதித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். முதுகில் விளிம்பு வைத்த நுண்குழாய்கள் ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டும், பின்னங்காலின் கீழ்த்தண்டில் துளைகள் இருக்கக்கூடாது. என் பப்பாளி பாட்டிலை அண்ணன் மகள் எடுத்துப்போய் அங்கே ஸ்லைடு போட்டு போட்டோ அனுப்பினாள். சாயத்தில் இளஞ்சிவப்பாக, தட்டையாக, நெய்த ஜார்ஜெட் துண்டு போல இருந்தது. ஓரமெல்லாம் குழாய். நடுவில் இல்லை.

செத்ததையும் பாருங்கள்

அடையில் உயிரோடிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். உப்பி, விறைத்து, பழுப்பாகி, முதுகில் ஊசி குத்தினது போல வட்ட ஓட்டை விழுந்த கூடுகள் இருந்தால் அங்கே குளவி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி. இந்தியாவில் முதலில் கண்டது 2008இல், கோயம்புத்தூரில். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. 2010இல் இதன் எதிரியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தவர்கள் நம் ஹெப்பாளில் இருக்கிற மத்திய அரசின் பூச்சிப் பணியகத்தார். தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று இப்போது பெயர், அப்போது வேறு பெயர். வந்தது மூன்று குளவிகள், அதில் நன்றாக நிலைத்தது அசிரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஆரஞ்சுக் குளவி. நம்மைக் கொட்டாது, மாவுப்பூச்சிக் குஞ்சுக்குள் முட்டையிடும். ஸ்ரீராமபுரத்திலிருந்து ஹெப்பாள் ஒரு பஸ் தூரம், இத்தனை வருஷம் அந்தப் பக்கம் போய் வந்தும் எனக்குத் தெரியாது.

ஓட்டைக் கூடுகள் இருக்கிற இலையை நான் கழுவுவதில்லை. அதை வெட்டி, வெள்ளை அதிகமாக இருக்கிற கிளையிலேயே கட்டிவிடுகிறேன். கூடே இல்லாத இலையை மட்டும் வெட்டிக் கவரில் கட்டி வெயிலில் போடுகிறேன். மிச்சத்துக்குப் பைப் தண்ணீர், சோப்புக் கரைசல். எறும்பு ஏறினால் டிரம்மைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறேன், ஏனென்றால் மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக்காக எறும்பு காவல் நிற்கும், குளவியை அண்டவிடாது. மருந்துக் கதை இங்கே இவ்வளவுதான்.

ஆத்தூரிலிருந்து ஒரு போன்

அண்ணனுக்குச் சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு. அறுபது வயசானாலும் அவருக்கு நான் பாப்பாதான்.

"பாப்பா, குச்சிச்செடி நுனியெல்லாம் கொத்துக் கொத்தாச் சுருண்டு வெள்ளை பூத்துக் கெடக்குது. நீ மாடில வளத்தியே, அதே பூச்சிதானா?"

"நசுக்கினா என்ன நெறம்ணா?"

"இரு." கருவேலமுள் உடைக்கிற சத்தம் கேட்டது. "ரோஸு."

"ஓரத்துல ஜரிகை மாதிரி இழை இருக்கா?"

"கண்ணாடி போட்டாலும் எனக்கு இழையெல்லாம் தெரியாது. மொட்டையாத்தான் இருக்கு."

மரவள்ளியில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் இழை இல்லாதது போன்ற தோற்றம், நுனி கொத்து என்றால் எனக்கு முதலில் தோன்றுவது மரவள்ளி மாவுப்பூச்சி, ஃபீனகாக்கஸ் மானிஹோட்டி. இந்தியாவில் 2020இல் திருச்சூரில் தெரிந்த புது வரவு. இதில் ஆணே கிடையாது, பெண்ணே பெண்ணைப் பெறும். இதற்கும் ஹெப்பாள்காரர்கள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற குளவியைக் கொண்டுவந்து, 2022இல் அண்ணன் ஊருக்குப் பக்கத்திலேயே ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ஆனால் செம்பருத்திக்காரியும் ரோஸ்தான், அவளும் நுனியைச் சுருட்டுவாள். போனில் கேட்டு இந்த இரண்டையும் நான் பிரிக்கமாட்டேன், லென்ஸிலும் பிரிக்கமாட்டேன். "நாலு நுனியை ஒடிச்சு, பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டு ஏத்தாப்பூர் போங்கண்ணா. வழியில காட்டுல ஒதறிடாதீங்க" என்றேன். மகளே படிக்கிறாளே, அவளுக்கு அனுப்பினால் என்ன என்றார். அவளுக்குப் பரீட்சை.

இங்கே மாடியில் இப்போது வாரம் ஒரு தரம் ஓனரம்மா ஏதாவது இலையோடு படியேறி வருகிறார். போன ஞாயிற்றுக்கிழமை கொய்யா இலை. "ஹிட்டு திகணெனா?" என்று நீட்டினார். பிக் கிளாஸை எடுக்கவே இல்லை. அவர் கையிலேயே இருக்க இலையை ஒரு தட்டு தட்டினேன். குபீரென்று பறந்து அவர் மூக்குக்கண்ணாடியில் போய் உட்கார்ந்தன.